தொட்டி மாற்றியதாகச் சொன்னார்கள். மாறியது மேல்மண் மட்டும்

சென்னையின் தென்புறநகரில் உள்ள எங்கள் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில், மாடித்தோட்டச் செடிகளைத் தொட்டி மாற்றித் தருவதாகவும் சம்பங்கிக் கிழங்கு நட்டுத் தருவதாகவும் ஒரு நர்சரியின் விளம்பரம் சென்ற வாரம் மீண்டும் வந்திருக்கிறது. கடந்த ஆனி மாதம் அதே விளம்பரத்தை நம்பி 6,800 ரூபாயையும், என் தாயார் பல ஆண்டுகளாக வளர்த்த ஐந்து செடிகளையும் இழந்தவள் என்பதால், நடந்ததை விவரமாக எழுதுகிறேன்.

அம்மாவுக்கு இடுப்பெலும்பு முறிந்து, ஓராண்டுக்கும் மேலாக மாடிப்படி ஏற முடியாமல் போனது. குண்டுமல்லி, இருவாட்சி, செம்பருத்தி, நந்தியாவட்டை என்று மாடியில் இருந்த 22 தொட்டிகளிலும் மண் கல்லாக இறுகி, ஊற்றிய தண்ணீர் உள்ளே இறங்காமல் ஓரமாக வழிந்துவிட, அடித்துளைகள் வழியே வேர்கள் வெளியே நீண்டிருந்தன. தொட்டிக்கு 150 ரூபாய் கூலி, எட்டு மூட்டை மண்கலவைக்கு 2,000 ரூபாய், ‘பிரஜ்வல் அடுக்குச் சம்பங்கி’க் கிழங்கு அறுபதுக்கு 1,500 ரூபாய் என்று பேசி முடித்தோம். அம்மாவைப் பிசியோதெரபிக்கு அழைத்துச் சென்று நான் திரும்பி வருவதற்கு ஆன இரண்டு மணி நேரத்துக்குள், நர்சரியிலிருந்து வந்த இருவரும் வேலையை முடித்துவிட்டிருந்தார்கள். வேர் அடைத்துக்கொண்ட ஒரு பெரிய தொட்டியைப் பழுதில்லாமல் மாற்றவே கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்பது எனக்கு அப்போது தெரியாது. மேலே கறுப்பாகப் புதுமண் தெரிந்ததைப் பார்த்து, பணத்தைக் கைப்பேசி வழியாக உடனே அனுப்பிவிட்டேன், ரசீதும் கேட்கவில்லை.

ஆடிக் காற்றில் செம்பருத்தித் தொட்டி சாய்ந்தபோதுதான் உண்மை தெரிந்தது. மூன்று விரல் அளவுக்கு மேலிருந்த புதுமண் தனியே கொட்டியது. அதன் கீழே பழைய மண்ணும், தொட்டியின் வடிவத்திலேயே சுற்றிச் சுற்றி இறுகிய வேர்களும் ஒரே கட்டியாக வந்து விழுந்தன. அடித்துளையின் மேல் அம்மா எப்போதும் எங்கள் பழைய வீட்டு ஓட்டின் சில்லு ஒன்றை வைப்பார். அந்தச் சில்லு, வேர்களின் பிடியில், வைத்த இடத்திலேயே இருந்தது. ஒவ்வொன்றாகக் கவிழ்த்துப் பார்த்ததில் 22 தொட்டிகளிலும் இதே நிலைதான். வெறுமனே ஏமாற்றியிருந்தால்கூடப் பணத்தோடு போயிருக்கும். புதுமண்ணைத் தண்டைச் சுற்றிக் குவித்து வைத்ததால் ஈரம் தங்கி, அடித்தண்டு அழுகி, இரண்டு இருவாட்சிகளும் மூன்று குண்டுமல்லிகளும் பட்டுப்போயின. அம்மாவிடம் இதைச் சொல்ல எனக்கு இரண்டு நாட்கள் ஆயின.

கிழங்கிலும் இதே கதைதான். நட்ட மூன்று, மூன்றரை மாதங்களில் பூத்தண்டு வரவேண்டிய சம்பங்கியில், ஐப்பசி பிறந்தும் புல்லைப் போன்ற மெல்லிய இலைகளே இருந்தன. சிலவற்றைத் தோண்டினால், ஒரு சாண் ஆழத்தில், சில தலைகீழாகவும் கிடந்தன. முளை வராத பத்துக் கிழங்குகளைச் சமையலறைத் தராசில் வைத்தபோது மொத்தமே 80 கிராம். நடவுக்கு 25 முதல் 30 கிராம் எடையுள்ள கிழங்கு வேண்டும் என்பதே வேளாண் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை; தாய்க்கிழங்கைச் சுற்றி முளைக்கும் இத்தகைய பொடிக்கிழங்குகள் பருத்த பிறகே பூக்கும். பெயரிலேயே பொய் இருந்ததைப் பின்னர்தான் அறிந்தேன்: பெங்களூரு இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்ட பிரஜ்வல் ஒற்றை இதழடுக்கு ரகம், அடுக்குப் பூ வேண்டுமென்றால் அதே நிறுவனத்தின் சுவாசினி இருக்கிறது. ‘பிரஜ்வல் அடுக்கு’ என்று ஒருவர் விற்றால், தான் விற்பது எதுவென்று அவருக்குத் தெரியவில்லை, அல்லது உங்களுக்குத் தெரியாது என்று நம்புகிறார்.

நர்சரியை அழைத்தபோது, “செடி உயிருள்ள பொருள் மேடம், அதற்கெல்லாம் கேரண்டி கிடையாது” என்று சொல்லி வைத்துவிட்டார்கள். இறந்த செடிக்கு நான் கேரண்டி கேட்கவில்லை. செய்யாத வேலைக்கு வாங்கிய கூலியைத்தான் கேட்டேன். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்தேன். ரசீது இல்லாத குறையை வாட்ஸ்அப் உரையாடலும் பணம் அனுப்பிய பதிவும் தொட்டிகளின் படங்களும் ஓரளவு ஈடுசெய்தன. இழப்பீடாக இன்னும் ஐம்பது கிழங்கு தருவதாக நர்சரிக்காரர்கள் சொன்னதை நான் ஏற்கவில்லை. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை என்பதால் அங்கே செல்ல இருக்கிறேன்.

இந்த வேலைக்கு ஆள் வைப்பவர்கள் முதல் தொட்டியைத் தங்கள் கண்ணெதிரே கவிழ்க்கச் சொல்லுங்கள். சுற்றிய வேரைக் குச்சியால் பிரித்து, ஓரத்து வேரைக் கொஞ்சம் நறுக்கி, அடியிலும் புதுமண் இடுகிறார்களா என்று பாருங்கள். கிழங்கைத் தராசில் நிறுத்து வாங்குங்கள். அழுத்தினால் அமுங்குவதைத் தள்ளிவிடுங்கள்.

மீந்த 17 செடிகளையும், அம்மாவை நாற்காலியோடு மாடிக்குத் தூக்கிச் சென்று அவர் சொல்லச் சொல்ல, செம்மண், மணல், தொழுவுரம் கலந்து நானே மாற்றினேன். பத்து நாட்கள் நிழலில் வைத்த பிறகு செம்பருத்தி தளிர் விட்டிருக்கிறது. பிழைத்த 41 சம்பங்கிக் கிழங்குகளை மேலாக நட்டிருக்கிறோம். இலை காய்ந்ததும் எடுத்து, ஒரு மாதம் நிழலில் உலர்த்தி, அடுத்த ஆனியில் பருத்தவற்றை மட்டும் நட வேண்டும் என்று அம்மா சொல்லியிருக்கிறார்.