ரிவர்ஸ்டனா, மீமுரேயா?

கொழும்புப் பக்கம் சமதரையாக இருக்கும் வெள்ளவத்தைக் கடலோரத்திலும் தியவன்னா ஏரிக் கரையிலும் சைக்கிள் ஓட்டிப் பழகியவர்களுக்கு ஏற்றம் என்பதே புதுசு. இலங்கையின் நடுவிலுள்ள நக்கிள்ஸ் மலைக்குச் சைக்கிளில் போக நினைத்தால் முன்னால் இரண்டு வழிகள் உண்டு.

மாத்தளையிலிருந்து ரத்தோட்டை வழியாக ரிவர்ஸ்டன் ஏறுவது ஒன்று. தார் வீதி, நீண்ட ஏற்றம், வளைவுகள். உச்சியில் காற்று பலமாக அடிக்கும், மூடுபனியும் திடீரென்று இறங்கும். தாண்டிப் போனால் பிட்டவல பத்தனைப் புல்வெளி. உச்சிக்கு ஏறும்போது முடியாவிட்டால் எந்த இடத்திலும் திரும்பி, வந்த இறக்கத்தில் உருண்டு வந்துவிடலாம். அது பெரிய ஆறுதல்.

மற்றது ஹுன்னஸ்கிரியவிலிருந்து டீன்ஸ்டன், கோபெட்ஸ் கேப் கணவாய் கடந்து மீமுரே கிராமத்துக்கு இறங்குவது. இங்கேதான் கணக்கு தலைகீழாகிறது. கிராமம் பள்ளத்தாக்கில் இருப்பதால், களைத்த கால்களோடு திரும்பும்போதுதான் பெரிய ஏற்றம் வரும். பாதையும் கரடுமுரடு. மெல்லிய டயர் போட்ட ரோட் பைக் சரிவராது. அகலமான டயரும் நல்ல டிஸ்க் பிரேக்கும் வேண்டும். இறக்கத்தில் பிரேக்கை விடாமல் அழுத்திப் பிடித்தால் சூடேறிப் பிடிமானம் குறையும், விட்டு விட்டுப் பிடியுங்கள். இரவு மீமுரேயில் தங்கி, விடிந்ததும் ஏறுவதுதான் என் யோசனை.

மழைக்காலத்தில் இரண்டிலும் அட்டைத் தொல்லை உண்டு. நக்கிள்ஸ் பாதுகாக்கப்பட்ட காடு, 2010 முதல் உலக மரபுரிமைப் பகுதியின் அங்கம். பாதையை விட்டு விலகி ஓட்டாதீர்கள்.

முதல் தடவை என்றால் தயங்காமல் ரிவர்ஸ்டன். அப்புறம் மீமுரே.