இளவேனிலுக்கு வீட்டில் அரைத்த நலங்கு மாவு: நீண்ட நாள் பயன்பாட்டு அனுபவம்

பங்குனி வெயில் ஏறத் தொடங்கியதும் சித்திரை, வைகாசி மாதங்களுக்கான நலங்கு மாவை அரைத்து வைத்துக்கொள்வது எங்கள் வீட்டு வழக்கம். பல ஆண்டுகளாக உடலுக்குச் சோப்பு போடாமல் இதையே தேய்த்துக் குளித்துவருவதால், இதன் நன்மைகளோடு தொல்லைகளும் எனக்கு நன்றாகத் தெரியும்.

பச்சைப்பயறு அரை கிலோ, கடலைப்பருப்பு கால் கிலோ, உலர்ந்த ஆவாரம்பூவும் ரோஜா இதழும் தலா 100 கிராம், பூலாங்கிழங்கு, கஸ்தூரி மஞ்சள், கோரைக்கிழங்கு, வெட்டிவேர் ஆகியவை தலா 50 கிராம் என்பதே நான் பின்பற்றும் அளவு. இருபது, முப்பது சரக்குகளை அடுக்கும் பட்டியல்கள் உலவுகின்றன. அவற்றால் கடைக்காரருக்குத்தான் ஆதாயம். கஸ்தூரி மஞ்சளை வாங்கும்போது மட்டும் கவனம் வேண்டும்: அசல் சரக்கு வெளிறிய நிறமும் கற்பூரம் கலந்தாற்போன்ற மணமும் உடையது, சமையல் மஞ்சளைப் போலத் தோலில் கறை ஏற்றாது.

பலரும் சேர்க்கும் கார்போக அரிசி என்னும் மூலிகை விதையை இந்தப் பருவத்தில் நான் சேர்ப்பதே இல்லை. அதிலுள்ள சோராலென் என்னும் வேதிப்பொருள் படிந்த தோலில் வெயில் பட்டால், அவ்விடம் சிவந்து கொப்பளித்துப் பின்னர் கருமை படியக்கூடும். வெண்புள்ளி நோய்க்கான சிகிச்சையில் மருத்துவர்கள் சோராலெனின் இதே பண்பைத்தான் அளவறிந்து பயன்படுத்துகிறார்கள். குளித்துவிட்டு நேரே வெயிலில் இறங்குபவர்கள் அதை அன்றாடப் பொடியில் கலப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

பூக்களை நிழலிலும், பயறையும் கிழங்குகளையும் வெயிலிலும் காயவைத்து, வெட்டிவேரைச் சிறு துண்டுகளாக நறுக்கிய பிறகே சீயக்காய் அரைக்கும் மில்லுக்குக் கொடுக்க வேண்டும். மிளகாய் அரைத்த எந்திரத்தில் போட்டால் குளியல் தண்டனையாகிவிடும். மில்லில் எவ்வளவு நைசாக அரைத்தாலும் வெட்டிவேர் நார் தங்கிவிடுகிறது என்பதால், மெல்லிய துணியில் சலித்து எடுத்த மாவை முகத்துக்கும், சலிப்பில் நின்ற கப்பியை முழங்கை, குதிகாலுக்கும் ஒதுக்குகிறேன்.

வியர்வைப் பிசுக்கும் எண்ணெய்ப் பசையும் மிகும் இம்மாதங்களில் தண்ணீரில் குழைத்துத் தேய்த்தாலே போதும். எங்கள் ஆழ்துளைக் கிணற்று உப்புநீரில் சோப்பு நுரைக்காமல் திரிந்து தோலில் படிவது போன்ற தொல்லை இதில் இல்லை. மார்கழியில் இதே மாவு தோலை வறட்டிவிடும் என்பதால் அப்போது தயிரில் குழைக்கிறேன். எண்ணெய்க் குளியலன்று தலைக்கு இது பயன்படாது. அதற்கு அரப்போ சீயக்காயோதான் வேண்டும்.

ஈரக்கை பட்டால் மாவு கட்டிதட்டிப் பூசணம் பிடிக்கும். சரியாகக் காயாத பயறில் வண்டும் விழும். எனவே ஒரு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் சிறு டப்பாவில் எடுத்துக் குளியலறையில் வைத்துவிட்டு, மீதியைக் காற்றுப் புகாத பாட்டிலில் வைக்கிறேன். குழைத்த மாவு அன்றைக்கே புளித்துவிடும். குளியலறைச் சாக்கடையில் மாவு படிந்து அடைத்துக்கொள்வதால், துவாரத்தில் ஒரு வலைத்தட்டு போடுவதும் அவசியம்.