பான்டோப்ரசோல் 40: ஆறு வருடம் சாப்பிட்டவளின் விமர்சனம்

ஜாக்கெட்டுக்கு ஹூக் தைப்பது எனக்குக் கண்ணை மூடிக்கொண்டு செய்கிற வேலை. கும்பகோணத்தில் வீட்டு முன்னறையில் 24 வருடமாகத் தையல் கடை வைத்திருக்கிறேன். போன தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும்போது ஒரு ராத்திரி, ஊசி கீழே விழுந்துவிட்டது என்று பாயை உதறித் தேடிக்கொண்டிருந்தேன். மகள் வந்து, "அம்மா, ஊசி உன் கையிலதான் இருக்கு" என்றாள். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் அப்படியே இருந்தது. விரலுக்குத்தான் தெரியவில்லை.

அதற்கு முன்பே செருப்பு கழன்றது தெரியாமல் நாலு அடி நடந்திருக்கிறேன். நாக்கின் ஓரம் சிவந்து, ரசம் பட்டாலே எரிந்தது. வேலை அதிகம், தூக்கம் குறைவு, வயசு 49 ஆகிறது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு சமாதானம் வைத்திருந்தேன். தினமும் காலையில் வாயில் போடும் மாத்திரை மட்டும் அந்தக் கணக்கில் வரவே இல்லை.

அந்த மாத்திரைதான் பான்டோப்ரசோல் 40 மில்லிகிராம். கடையில் "கேஸ் மாத்திரை கொடுங்க" என்றால் பெரும்பாலும் இதையோ, இதே வகையைச் சேர்ந்த ஒமிப்ரசோல், ரபிப்ரசோலையோதான் எடுத்துக் கொடுப்பார்கள். எந்தக் கம்பெனி மாத்திரை என்று நான் எழுதப் போவதில்லை. ஆறு வருடத்தில் நாலைந்து கம்பெனி மாத்திரை மாறியிருக்கிறது, வேலை எல்லாம் ஒன்றுதான்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். முதுகு வலிக்கு மாதக்கணக்கில் டைக்ளோஃபினாக் சாப்பிட்டு இரைப்பையில் புண் வந்துவிட்டது. எண்டோஸ்கோபி பார்த்த டாக்டர் வலி மாத்திரையை நிறுத்திவிட்டு இதைக் கொடுத்தார். மூன்றாம் நாள் ராத்திரி, எழுந்து உட்காராமல் விடியும்வரை தூங்கினேன். அந்தத் தூக்கத்துக்காக இந்த மருந்துக்கு இன்றைக்கும் நன்றி சொல்வேன். இரைப்பைச் சுவரில் அமிலத்தைச் சுரக்கும் குட்டிக் குட்டி பம்புகள் இருக்கின்றன. மாத்திரை அவற்றில் போய் ஒட்டிக்கொண்டு வேலை செய்ய விடாமல் பண்ணிவிடுகிறது. உடம்பு புது பம்பு செய்தால்தான் பழையபடி அமிலம் வரும். அதனால்தான் ஒரு வேளை மாத்திரை நாள் முழுக்கத் தாங்குகிறது. சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பு, உடைக்காமல், மெல்லாமல் முழுங்க வேண்டும்.

டாக்டர் சீட்டில் எழுதியது 8 வாரம். 8 வாரம் முடிந்து நிறுத்தினேன். நாலாம் நாள் நெஞ்சு பற்றி எரிந்தது. புண் ஆறவில்லை போலிருக்கிறது என்று பயந்து, காலி அட்டையைக் கொண்டுபோய் மருந்துக்கடையில் காட்டினேன். "இதேதானேக்கா?" என்று கேட்டு எடுத்துக் கொடுத்தார்கள். அப்படியே ஆறு வருடம் ஓடிவிட்டது. டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்ற எச்சரிக்கை அந்த அட்டையிலேயே இருக்கிறது. நானும் படிக்கவில்லை, அவர்களும் கேட்கவில்லை. இதில் எனக்கு வருத்தம் உண்டு.

அந்த எரிச்சல் ஏன் வந்தது என்று எனக்கு விளங்க வைத்தது பி.பார்ம் படிக்கும் என் மகள். அமிலத்தை அடக்கி வைத்தால், இன்னும் சுரக்கச் சொல்லி உடம்பு காஸ்ட்ரின் என்ற ஹார்மோனைக் கூட்டிக்கொண்டே போகுமாம். திடீரென்று மாத்திரையை விட்டால் அடக்கி வைத்த அமிலம் ஒரேயடியாகப் பாயும். டென்மார்க்கில் 2009-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்றைக் காட்டினாள். வயிற்றில் எந்தத் தொந்தரவும் இல்லாதவர்களுக்கு எசோமெப்ரசோலை 8 வாரம் கொடுத்து நிறுத்தியிருக்கிறார்கள். அதில் 44 சதவீதம் பேருக்கு அமிலத் தொல்லை வந்திருக்கிறது. மருந்தே இல்லாத வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 15 சதவீதம்தான். அதாவது நோயே இல்லாதவருக்கும் மாத்திரையை விட்டால் எரியும். இது அன்றைக்கே தெரிந்திருந்தால் அந்தக் காலி அட்டையைக் கையில் எடுத்திருக்க மாட்டேன்.

இப்போது விரல் விஷயம். நரம்புக்கு வேண்டிய வைட்டமின் பி12 குறைந்ததால்தான் விரல் மரத்துப்போனது. சாப்பாட்டில் பி12 தனியாக இருப்பதில்லை, புரதத்தோடு ஒட்டிக்கொண்டு வருகிறது. அதைப் பிரித்தெடுக்க வயிற்று அமிலம் வேண்டும். அமிலம் இல்லையென்றால் சாப்பிட்ட பி12 பிரியாமலே போய்விடும். ஒரு நாளைக்கு நமக்குத் தேவை 2 மைக்ரோகிராம் சொச்சம்தான். கல்லீரலில் வருடக்கணக்குக்கு இருப்பு இருக்கும் என்பதால் முதல் இரண்டு மூன்று வருடம் ஒன்றும் தெரியாது. எங்கள் வீடு சைவம். காய்கறி, பருப்பு, கீரை எதிலும் பி12 கிடையாது, பாலும் தயிரும்தான் வழி. நானோ தயிரே சளி பிடிக்கும் என்று பாதி நாள் ஒதுக்கிவிடுவேன். ஆக, வருகிற வழியும் குறுகல், உள்ளே பிரிக்க அமிலமும் இல்லை.

ரத்தப் பரிசோதனையில் என் பி12 அளவு 146. 200-க்கு மேல் இருக்க வேண்டும். ஹீமோகுளோபின் 10.1. இரும்புச் சத்து இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் 9. இரண்டுமே குறைவு. கீரை, பருப்பில் இருக்கிற இரும்பையும் உடம்பு எடுத்துக்கொள்ள அமிலம் துணை செய்ய வேண்டும். வாரம் மூன்று நாள் முருங்கைக்கீரை சமைத்த வீட்டில் எனக்கு இந்த ரிப்போர்ட்! எல்லாப் பழியும் மாத்திரைமேல் இல்லை, சாப்பாடும் மாதவிடாய் ஒழுங்கில்லாததும் சேர்ந்ததுதான் என்று இப்போது பார்க்கிற டாக்டர் சொன்னார். இன்னொன்றும் செய்தார். நான் சாப்பிட்டுவந்த கால்சியம் கார்பனேட் மாத்திரையை மாற்றி கால்சியம் சிட்ரேட் கொடுத்தார். கார்பனேட் என்பது சாக்பீஸ் மாதிரி, கரைய அமிலம் வேண்டும். சிட்ரேட்டுக்கு வேண்டாம்.

அமெரிக்க மருத்துவ சங்க இதழில் 2013-ல் வந்த ஆய்வில், இந்த வகை மாத்திரையை இரண்டு வருடமோ அதற்கு மேலோ சாப்பிட்டவர்கள் பி12 குறைபாடு உள்ளவர்களில் 12 சதவீதமும், இல்லாதவர்களில் 7.2 சதவீதமும் இருந்திருக்கிறார்கள். சாப்பிடுகிற எல்லோருக்கும் வந்துவிடும் என்று இதற்கு அர்த்தமில்லை. ஆனால் பரிசோதித்துப் பார்க்க இது போதாதா? ஆறு வருடத்தில் காய்ச்சல், கைவலி என்று எத்தனையோ தடவை டாக்டர்களிடம் போயிருக்கிறேன். இந்த மாத்திரை சாப்பிடுகிறேன் என்று சொன்னால் தலையசைத்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார்கள்.

மெக்னீசியமும் குறையலாம். அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2011 மார்ச்சில் இதற்கு எச்சரிக்கை விட்டது, பெரும்பாலும் ஒரு வருடத்துக்கு மேல் சாப்பிட்டவர்களுக்கு. தசை இழுப்பு, படபடப்பு வரும். எனக்கு அது சரியாக இருந்தது. நீர் பிரிய மாத்திரை சாப்பிடுகிறவர்கள் கட்டாயம் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இதைப் படித்துவிட்டு யாரும் நாளைக்கே நிறுத்திவிடாதீர்கள். என் அண்ணனுக்கு இதய ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்திருக்கிறது. ரத்தம் உறையாமல் இருக்க இரண்டு மாத்திரை சாப்பிடுகிறார், வயிற்றில் ரத்தக் கசிவு வராமல் காப்பது இந்த பான்டோப்ரசோல்தான். அவர் நிறுத்தவே கூடாது. கிட்னி போய்விடும், ஞாபகம் போய்விடும் என்று வாட்ஸ்அப்பில் வருகிற வீடியோ பார்த்து அவரும் பயந்தார். 17,000-க்கு மேற்பட்டவர்களுக்கு மூன்று வருடம் பான்டோப்ரசோலும் வெற்று மாத்திரையும் கொடுத்துப் பார்த்த 2019 ஆய்வில், வயிற்றுத் தொற்று கொஞ்சம் கூடியதைத் தவிர அப்படி எந்த வித்தியாசமும் தெரியவில்லை. அண்ணன் சர்க்கரைக்கு மெட்ஃபார்மினும் சாப்பிடுகிறார், அதுவும் பி12-ஐக் குறைக்கும். அவரைப் பரிசோதனைக்கு நானே கூட்டிப் போனேன். 210, எல்லையை ஒட்டி இருந்தது. இப்போது பி12 மாத்திரை எடுத்துக்கொள்கிறார்.

எனக்கு டாக்டர் படிப்படியாகக் குறைத்தார். ஒரு மாதம் 20 மில்லிகிராம், அப்புறம் ஒரு நாள் விட்டு ஒரு நாள், எரிந்தால் ராத்திரி ஃபமோடிடின் என்ற வேறு வகை அமில மாத்திரை. இரண்டாவது வாரம் கஷ்டம்தான். இரவுச் சாப்பாட்டை ஏழரைக்குள் முடித்து, கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் செங்கல் வைத்துச் சமாளித்தேன். பி12 ஊசி முதலில் ஒரு நாள் விட்டு ஒரு நாள், பிறகு வாரம் ஒன்று. மருந்து ரத்தச் சிவப்பில் இருக்கும். போட்ட இடம் கடுக்கும்.

மதிப்பெண் கேட்டால், சீட்டில் எழுதிய 8 வாரத்துக்கு ஐந்துக்கு ஐந்து. அதற்குப் பிறகு நான் சாப்பிட்ட வருடங்களுக்கு ஐந்துக்கு ஒன்றுகூடக் கொடுக்க மனம் வரவில்லை.

மாத்திரை விட்டு நாலு மாதம் ஆகிறது. நாக்குப் புண் ஒரு மாதத்திலேயே ஆறிவிட்டது. கால் விரல்களில் மதமதப்பு இன்னும் மிச்சம் இருக்கிறது, நரம்பு மெதுவாகத்தான் திரும்பும் என்கிறார் டாக்டர். கையில் ஊசி மறுபடி தெரிகிறது. நேற்று ஒரு கல்யாண ஜாக்கெட்டுக்குப் பதினொரு ஹூக் தைத்தேன், எதையும் தேடவில்லை.