மூன்று மாதத்துக்கு ஒருமுறை கம்ப்யூட்டர் செக்கப்: மும்பைக் கடைகளில் மூன்று வருடம் ஓட்டிப் பார்த்ததில்

தாராவி, சயான், மாட்டுங்கா பக்கம் நம்மவர்கள் நடத்தும் தையல் யூனிட்டுகள், மளிகைக் கடைகள், மெஸ்கள் எல்லாவற்றிலும் இரண்டிலிருந்து ஐந்து கம்ப்யூட்டர் வரை இருக்கின்றன. கெட்டுப்போனால் ஆளைக் கூப்பிடுவது பழைய வழக்கம். கெடுவதற்கு முன்பே மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்து பார்த்துவிட்டுப் போகும் ஏற்பாடு இப்போது பரவலாகிவிட்டது. இந்த ஏற்பாடு மூன்று வருடம் ஓடிய பிறகு தெரிவது இதுதான்: வருகிறவர் ஒவ்வொன்றையும் உங்கள் கண் முன்னால் இயக்கிக் காட்டினால் கொடுத்த பணம் வீண் போகாது. ப்ளோயர் அடித்து, ஆன்ட்டிவைரஸ் ஓட்டி, இருபது கட்டத்தில் டிக் போட்ட தாளை நீட்டினால் அது வெறும் கையெழுத்து.

முதலில் பேக்கப், அதாவது கணக்கின் நகல். இதில்தான் அதிகம் ஏமாறுகிறோம். கணக்கும் பில்லும் போடும் மென்பொருளான டேலியைப் பற்றிச் செக்கப்புக்கு வந்தவர் கேட்பார்:

"அண்ணாச்சி, டேலி பேக்கப் எடுக்கீங்களா?"

"தினமும் ராத்திரி தானா எடுக்குதுப்பா, பென்டிரைவ்ல இருக்கு."

இத்தோடு பேச்சு முடிந்து தாளில் டிக் விழும். செய்ய வேண்டியது வேறு. டி டிரைவில் 'டெஸ்ட்' என்று புது ஃபோல்டர் போட்டு, பேக்கப்பை அதற்குள் ரீஸ்டோர் செய்ய (நகலிலிருந்து கணக்கைத் திரும்பக் கொண்டுவர) வேண்டும். டேலியில் ஓடிக்கொண்டிருக்கும் கம்பெனிக் கணக்கு இருக்கிற இடத்திலேயே ரீஸ்டோர் கொடுத்தால் இன்றைய கணக்கின் மேல் பழைய கணக்கு உட்கார்ந்துவிடும். ஆகவே இடம் மாற்றுவது கட்டாயம். பிறகு அதைத் திறந்து, கடைசி பில்லின் எண்ணையும் தேதியையும் கடைக் கணக்கோடு ஒப்பிட வேண்டும். இருபது நிமிட வேலை. அடிக்கடி வெளிவரும் கோளாறு இது: கம்ப்யூட்டர் மாற்றியபோது டேலி டேட்டா சி டிரைவிலிருந்து டி டிரைவுக்குப் போயிருக்கும். ஆனால் தானியங்கி பேக்கப் இன்னமும் பழைய ஃபோல்டரையே எடுத்துக்கொண்டிருக்கும். பென்டிரைவில் பார்த்தால் பேக்கப் ஃபைலுக்கு நேற்றுத் தேதி, திறந்தால் கடைசி பில் மார்ச் மாதத்தது. டிக் போட்டுப் போகிறவர் இதை ஒருநாளும் கண்டுபிடிக்க மாட்டார்.

இன்னொன்று, பேக்கப் டிஸ்க்கை எப்போதும் செருகியே வைப்பது. ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரேன்சம்வேர் வைரஸ் புகுந்தால் அதையும் சேர்த்துப் பூட்டிவிடும். இரண்டு டிஸ்க் வாங்கி, ஒன்று கடையில், ஒன்று வீட்டில் என்று வாரம் ஒருமுறை மாற்றிக்கொள்ளுங்கள். ஜிஎஸ்டி சட்டப்படி ஆண்டு ரிட்டர்ன் கெடு தேதியிலிருந்து 72 மாதம் கணக்குகளை வைத்திருக்க வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம்.

அடுத்து, கரண்ட் போனால் சற்று நேரம் தாங்கும் யூபிஎஸ். கடைகளில் இருப்பது பெரும்பாலும் 600 விஏ, உள்ளே 12 வோல்ட் 7 ஏஎச் பேட்டரி ஒன்று. பில்லிங்கை மூடிவிட்டு, சிபியு, மானிட்டர் இரண்டும் ஓடும்போதே சுவர் பிளக்கைப் பிடுங்கிக் கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடம்கூடத் தாங்கவில்லையென்றால் பேட்டரி மாற்றும் நேரம் வந்துவிட்டது. முழு சார்ஜுக்குப் பிறகு சில மணி நேரம் சும்மா வைத்து மீட்டரில் பார்த்தால் நல்ல பேட்டரி 12.7 வோல்ட்டை ஒட்டிக் காட்டும். தகரக் கூரைக்கு அடியில் மாடியில் வைத்த யூபிஎஸ்ஸில் பேட்டரி சீக்கிரமே போவதற்குக் காரணம் சூடு. 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் இந்த வகை பேட்டரியின் ஆயுள் ஏறத்தாழ பாதியாகிறது. மும்பையின் எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான லேமிங்டன் ரோட்டில் புதிது வாங்கும்போது தயாரிப்புத் தேதியைப் பார்த்து வாங்குங்கள். சார்ஜ் இல்லாமல் மாதக்கணக்கில் ஷெல்ஃபில் கிடந்தது புதிதாக இருந்தும் பழசுதான். மாட்டிய தேதியை அதன் மேலேயே மார்க்கரில் எழுதுங்கள். லேசர் பிரிண்டரை யூபிஎஸ்ஸில் செருகவே கூடாது. அதன் ஹீட்டர் இழுக்கும் கரண்டை இந்தச் சிறிய பெட்டி தாங்காது.

தையல் யூனிட்டுகளுக்கென்று ஒரு தனி நோய் உண்டு. பெட்டிக்குள் பிராசஸர் மேல் இருக்கும் சிபியு ஃபேனை மேலிருந்து பார்த்தால் சுத்தமாகத்தான் தெரியும். ஃபேனைக் கழற்றினால், அதற்கும் கீழே உள்ள அலுமினியத் தகடுகளுக்கும் நடுவில் துணிப் பஞ்சு சாம்பல் நிறத்தில் கம்பளி போலப் படிந்திருக்கும். முழுத் துண்டாகவே உரித்தெடுக்கலாம். கழற்றாமல் ப்ளோயர் அடித்தால் அது இன்னும் உள்ளே இறுகும். அடிக்கும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும், தாறுமாறாகச் சுற்றவிட்டால் பேரிங் போய்விடும். அந்தத் தகடுகள் உள்ள ஹீட்சிங்க்கையே எடுத்திருந்தால், சூட்டைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் புதிதாக வைத்துத்தான் மூட வேண்டும். மெஸ்களில் பிரச்சினை எண்ணெய்ப் புகை. அங்கே ப்ளோயர் பயன்படாது, பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலும் பிரஷ்ஷும்தான் வேலைக்கு ஆகும்.

ஹார்ட் டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் விவரத்தில் ரீஅலகேட்டட் செக்டர் (கெட்டுப்போய் மாற்றப்பட்ட இடங்கள்), பெண்டிங் செக்டர் (கெட்டதோ என்று சந்தேகத்தில் நிற்கும் இடங்கள்) என்ற இரண்டு எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். போன முறை 0, இந்த முறை 8, அடுத்த முறை 40 என்று ஏறினால் டிஸ்க் விடைபெறுகிறது என்று பொருள். பழைய தாள்களைத் தூக்கிப் போடாமல் ஃபைலில் வைக்கச் சொல்வது இதற்காகத்தான். சிசிடிவியில் நேரலையைக் காட்டி நகர்ந்துவிடுவார்கள். கேமரா பதிவுகளைச் சேமிக்கும் டிவிஆரில் எந்தத் தேதி வரை பழைய பதிவு இருக்கிறது என்று ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். உள்ளே டிஸ்க் செத்துப்போயிருந்தாலும் திரையில் படம் ஓடும்.

கம்ப்யூட்டர் தேதி பின்னால் போய், ஜிஎஸ்டி தளம் திறக்காமல், நெட் கம்பெனிக்குப் போன் போடும் கூத்து இப்போதும் நடக்கிறது. மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 பட்டன் பேட்டரியை மாற்றினால் தீர்ந்தது.

ஆட்கள் மாறும் கடைகளில், தூரத்திலிருந்தே கம்ப்யூட்டரை இயக்க உதவும் எனிடெஸ்க்கை அவசியம் திறந்து பார்க்க வேண்டும். வேலையை விட்டுப் போன கணக்கரிடம் நிரந்தர பாஸ்வேர்ட் இன்னும் இருந்தால் அவர் எங்கிருந்தும் உள்ளே வரலாம். 2025 ஏப்ரல் 1 முதல், சரக்கு அனுப்பத் தேவையான ஈ-வே பில் போடும் தளத்தில் ஓடிபி எல்லாருக்கும் கட்டாயம். அது யாருடைய போனுக்குப் போகிறது என்று அன்றே போட்டுப் பாருங்கள். முதலாளி ஊருக்குப் போய் போனை அணைத்திருந்தால் லாரி கிளம்பாது. டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் எப்போது காலாவதி என்பதையும் தாளில் எழுதுங்கள்.

விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்தது. இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறைக்கு முந்தைய பெட்டிகள் விண்டோஸ் 11க்கு முறைப்படி ஏறாது. ஹார்ட் டிஸ்க்குக்குப் பதில் எஸ்எஸ்டி போட்டால் வேகம் கூடும், இந்தச் சிக்கல் தீராது.

நாள் குறிப்பதிலும் கவனம் வேண்டும். மார்ச் கடைசியிலும் தீபாவளி வாரத்திலும் கை வைக்கவே விடாதீர்கள். மழைக்காலம் தொடங்கும் முன் வரும் மே கடைசி வாரம் மிக முக்கியம். 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் 944 மில்லிமீட்டர் கொட்டிய ஊர் இது. சிபியு, யூபிஎஸ், எக்ஸ்டென்ஷன் போர்டு மூன்றும் தரையிலிருந்து குறைந்தது ஒன்றரை அடி மேலே ஏற வேண்டும். மழை ஓயும் செப்டம்பர் முடிவில் செக்கப்புக்கு வந்ததும் நெட் கேபிளின் முனைகளைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். பச்சை படிந்திருந்தால் முனையை வெட்டிப் புதிதாக அடிப்பதுதான் சரி, துடைத்து மாட்டினால் இரண்டு வாரத்தில் மறுபடி நெட் அறுந்து அறுந்து வரும்.