ஸ்க்ராட்ச்: கேம் செய்யப் பழக அருமை, ஆனா ஷேர் பண்ணினாப் பிறகு பிள்ளைய தனிய விடாதீங்க

அக்காட மகனுக்கு 12 வயசு, திருகோணமலை டவுனுக்குள்ளதான் வீடு. போன மாரிக்கு மழை விடாமப் பெஞ்ச நேரம் வெளிய விளையாடவும் ஏலாம போனும் கையுமா இருந்தான், என்ட பழைய லெப்டொப்ப குடுத்து, பிள்ளையள் தாங்களே கேம் செஞ்சு பழகிற ஸ்க்ராட்ச் எண்ட வெப்சைட்ட காட்டினன். பிள்ளையளுக்கு இத பழக்கலாமா எண்டு கனபேர் கேக்கினம், அதான் எழுதுறன்.

தெரியாத ஆக்களுக்கு, இது அமெரிக்காவில எம்ஐடி எண்ட பல்கலைக்கழகத்தின்ட மீடியா லாப்ல செஞ்சு 2007ல வெளிய விட்டது, முக்கியமா 8 வயசில இருந்து 16 வரைக்கான பிள்ளையள நினைச்சு செஞ்சது. அஞ்சு சதம் கட்டத் தேவையில்ல. கோட் டைப் பண்ணவும் தேவையில்ல, கலர் கலரா புளொக் இருக்கும், இழுத்து ஒண்டுக்குக் கீழ ஒண்டு கொழுவுறதுதான் வேலை. சின்னப் போன்ல சரிவராது, லெப்டொப் இல்லாட்டி டேப் ஒண்டாவது வேணும்.

பெடியன் செஞ்ச முதல் கேமே பிரட்ரிக் கோட்டைப் பக்கம் நிக்கிற புள்ளிமானுகள வச்சுத்தான். மான் இலை திண்டா பொயிண்ட் கூடும், காத்தில வாற பொலித்தீன் பைய திண்டா குறையும், குறுக்கால ஓட்டோ வரும். மான அவனே கீறினான், கால் நாலும் நாலு விதம், ஆனா எனக்கு அந்த மான்தான் சரியான விருப்பம். திரைக்கு நடு 0, வலப்பக்க ஓரம் 240, இடப்பக்கம் -240 எண்டு மானை ஓட்டி ஓட்டியே, பள்ளிக்கூடத்தில விளங்காம இருந்த திசைகொண்ட எண்கள் அவனுக்கு விளங்கிட்டு.

ஒருநாள் கேம் கொஞ்ச நேரம் ஓடினதும் பை வராம நிண்டுட்டு. ஒரு பின்னேரம் முழுக்க ரெண்டு பேரும் புளொக் புளொக்கா பார்த்தம். ஸ்க்ராட்ச்ல ஒரே நேரத்தில 300 குளோனுக்கு (கேம் ஓடேக்க உருவாகிற நகல், வாற ஒவ்வொரு பையும் ஒரு குளோன்) மேல இருக்க ஏலாது, இவன் ஓரத்துக்குப் போன பைய மறைச்சு மட்டும் விட்டிருக்கான், அழிக்கேல்ல, அதால கண்ணுக்குத் தெரியாம 300 பை அங்கயே கிடந்திருக்கு! அழிக்கிற புளொக் ஒண்ட போட்டதும் சரியாயிட்டு. அண்டைக்கு அவன்ட முகத்தில இருந்த சந்தோசத்த எந்த ரியூசனும் குடுக்காது.

பிறகுதான் ஷேர் பண்ணினான். ஷேர் பட்டன அமத்தும் வரைக்கும் ப்ரொஜெக்ட் அவனுக்கு மட்டும்தான், அமத்தினா உலகம் முழுக்கப் பார்க்கலாம், உள்ளுக்க இருக்கிற புளொக்கையும் பார்க்கலாம், ரீமிக்ஸ் எண்டு எடுத்து மாத்தியும் போடலாம். மற்ற ஆக்கள்ட கேம திறந்து பார்த்து அவன் படிச்சது கொஞ்சமில்ல, அந்த விசயத்தில இதுக்கு நிகர் எனக்குத் தெரிஞ்சு இல்ல. ஆனா இவன்ட மானுக்கு ரெண்டு கிழமையில வந்த வியூ 9, அதிலயும் பாதி எங்கட வீட்டு ஆக்களாத்தான் இருக்கும். கீழ வந்த ஒரே கொமெண்ட், நீ என்ன ஃபொலோ பண்ணு நான் உன்ன ஃபொலோ பண்ணுறன் எண்டு. விடிய எழும்பி முகம் கழுவ முன்னம் வியூ எத்தின எண்டு பார்ப்பான். பிறகு மான விட்டுட்டு, ஆக்கள் கூடப் பார்க்கிற கேம் மாதிரி ஒண்ட அரைகுறையா செஞ்சான், அதையும் ஆரும் பார்க்கேல்ல, ஒரு மாசமா லெப்டொப்பயே தொடேல்ல. கேட்டா, மாமா நான் செய்யிறது நல்லா இல்ல போல எண்டான். நெஞ்சுக்க என்னவோ செஞ்சுது. இதில ஆரையும் பிழை சொல்ல ஏலாது, அவ்வளவு கேம் குவியிற இடத்தில புதுப் பெடியன் ஒருத்தன்ட மான் கண்ணில படுறது கஷ்டம்தான். ஆனா 12 வயசுப் பிள்ளைக்கு அந்த 9 எண்ட இலக்கம் தனக்குப் போட்ட மார்க்ஸ் மாதிரித்தானே தெரியும்.

நான் செஞ்சது இதுதான். இன்டர்நெட் இல்லாமலே ஓடுற ஸ்க்ராட்ச் ஆப் ஒண்டு இருக்கு, அதுவும் இலவசம், அத இறக்கி மான் கேம பென்ட்ரைவ்ல போட்டுக்கொண்டு உப்புவெளியில பெரியம்மா வீட்டுக்கு அவனையும் கூட்டிக்கொண்டு போனன். பிள்ளையள் அஞ்சு பேர் சண்டை பிடிச்சு விளையாடிச்சுதுகள், இவன் பின்னால நிண்டு பார்த்துக்கொண்டே நிண்டான். அதில சின்னவள் ஒருத்தி மானைக் கொண்டுபோய் மூலையில நிப்பாட்டிட்டு, அண்ணா இங்க நிண்டா ஓட்டோ முட்டாதே எண்டாள்.

ஸ்க்ராட்ச்சுக்கு நான் 5க்கு 5 குடுப்பன். பிள்ளைக்கு முதல் ஆறு மாசம் அந்த ஆப்ப மட்டும் குடுங்க, பக்கத்தில இருந்து நீங்களும் விளையாடுங்க, ஷேர் பண்ணுறத ஆறுதலா பாத்துக்கொள்ளலாம். இவன் அண்டைக்கு இரவே அந்த மூலைக்கு ஒரு ஓட்டோ ஸ்டாண்ட் கீறி வச்சிட்டான்.