சர்வர் வழி கன்வெர்ஷன் டிராக்கிங்: எல்லாம் சரி, அந்த ஹாஷ் மட்டும்

"குரோமில் மூன்றாம் தரப்பு குக்கீ அப்படியேதான் இருக்கப்போகிறதாமே, இனி சர்வர் வழி டிராக்கிங் எதற்கு?" என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. விற்பனை (கன்வெர்ஷன்) நடந்த தகவலை, வாங்குபவரின் பிரவுசரை நம்பாமல் நம் சர்வரிலிருந்தே விளம்பர நிறுவனத்துக்கு அனுப்புவதுதான் சர்வர் வழி டிராக்கிங். மூன்றாம் தரப்பு குக்கீ என்பது, நாம் பார்க்கும் தளம் அல்லாத வேறு தளம் பிரவுசரில் வைக்கும் அடையாளக் குறிப்பு. 2020 ஜனவரியில் இரண்டே ஆண்டில் நிறுத்துவோம் என்ற கூகுள், தள்ளித் தள்ளிப் போட்டு 2024 ஜூலையில் அந்தத் திட்டத்தைக் கைவிட்டது. 2025 அக்டோபரில் அந்தக் குக்கீக்கு மாற்றாகக் கொண்டுவந்த டாப்பிக்ஸ் போன்ற ஏபிஐகளுக்கும் (பிரவுசரிலுள்ள மென்பொருள் வசதிகள்) மூடுவிழா.

ஆனால் சஃபாரி 2020 மார்ச்சிலிருந்தே அந்தக் குக்கீகளை முழுதாகத் தடுக்கிறது. பக்கத்தில் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட் நிரல் போடும், தளத்தின் சொந்தக் குக்கீக்கும் அங்கே ஆயுள் 7 நாள்தான். இடையில் எட்டிப் பார்க்காமல் பத்தாம் நாள் வந்து வாங்குபவர் கணக்கில் புது ஆள். சர்வரிலிருந்து ஆர்டரை நேரே அனுப்பும்போது இந்தத் தொல்லை பெரிதும் குறைகிறது. விளம்பரத் தடுப்பான் இருந்தாலும், பணம் கட்டியதும் டேபை மூடினாலும் பதிவு விழுகிறது. இந்த ஒன்றுக்காகவே பிடிக்கும்.

எரிச்சல் ஹாஷில். வாங்கியவர் யார் என்று விளம்பர நிறுவனம் பொருத்திப் பார்க்க, அவர் மின்னஞ்சலை எஸ்எச்ஏ-256 என்ற முறையில் ஹாஷாக, அதாவது அடையாளம் தெரியாத எழுத்துக் கோவையாக, மாற்றி அனுப்ப வேண்டும். கடைசியில் ஒரு ஸ்பேஸ் ஒட்டியிருந்தால் போதும், 64 எழுத்துக் கோவையே வேறாகிவிடும். முதலில் ஸ்பேஸை நீக்கி, எல்லாவற்றையும் சிறிய எழுத்தாக்கி, அதன் பிறகே ஹாஷ். தொலைபேசி எண் இன்னும் மோசம்: மெட்டாவுக்கு நாட்டுக் குறியீட்டோடு வெறும் இலக்கங்கள், கூகுளுக்கு முன்னால் கூட்டல் குறியும் வேண்டும். ஒரே ஃபங்ஷனில் இரண்டுக்கும் அனுப்பினால் ஒரு பக்கம் பொருந்தவே பொருந்தாது. சர்வருக்கு வரும் பதில் என்னவோ 200 (‘சரி’ என்று பொருள்) என்றே வரும், பிழைச் செய்தி கிடையாது! அனுப்பியவற்றின் பதிவேடான லாகில் ஈ3பி0சி442 என்று தொடங்கும் ஹாஷ் திரும்பத் திரும்ப வந்தால், அது காலி ஃபீல்டின் ஹாஷ். மதிப்பு இருக்கிறதா என்று பார்த்த பிறகே ஹாஷ் போட வேண்டும். விளம்பரத்தைக் கிளிக் செய்யும்போது பக்க முகவரியில் ஒட்டிவரும் கிளிக் ஐடியை மட்டும் தொடவே கூடாது. அதில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடு முக்கியம், ஹாஷும் வேண்டாம்.

பிரவுசரிலிருந்து தகவல் அனுப்பும் நிரலான பிக்சலும் கூடவே ஓடினால் இரண்டிலும் ஈவென்ட் (விற்பனை போன்ற நிகழ்வு) பெயரும் ஈவென்ட் ஐடியும் ஒன்றாக இருக்க வேண்டும். ஆர்டர் எண்ணையே ஐடியாக வையுங்கள். இரு பக்கமும் தனித்தனி ரேண்டம் எண் போட்டால் ஒரு விற்பனை இரண்டாகும்.

நண்பருக்குச் சொன்ன பதில்: வாரம் ஒருமுறை லாகைத் திறந்து பார்க்க ஆள் இல்லையென்றால் வேண்டாம்.