ஜெல்டாவில் எனக்கு ஒரு பூட்டிய கதவு வேண்டும்

போன மாதம் ஒரு நாள், நின்டெண்டோவின் ஜெல்டா வீடியோகேம் தொடரில் 2017-ல் வந்த 'பிரெத் ஆஃப் தி வைல்ட்' கேமின் சேவ் ஃபைலைத் திறந்தேன். விளையாடுகிற எண்ணமில்லை, சும்மா பார்க்கத்தான். அந்தக் கேமின் கூடுதல் தொகுப்பில் ஒரு சின்ன வசதி உண்டு. மேப்பில் ஒரு பட்டனை அழுத்தினால், கடைசி 200 மணிநேரத்தில் நாம் போன வழியெல்லாம் பச்சைக் கோடாக ஓடும். செத்த இடத்தில் எக்ஸ் குறி விழும். என் கோட்டைப் பார்த்து எனக்கே சிரிப்பு வந்தது. வழி தவறிய எறும்பு மாதிரி ஒரு மலையை மூன்று முறை சுற்றியிருக்கிறேன், பாதி ஏறி விழுந்திருக்கிறேன், ஆற்றோரமாகவே எங்கோ போய்விட்டு வந்த வழியே திரும்பியிருக்கிறேன். ஒரே இடத்தில் நாலு எக்ஸ்.

அப்புறம் அதன் தொடர்ச்சியான 'டியர்ஸ் ஆஃப் தி கிங்டம்' ஃபைலைத் திறந்து அதே வசதியைப் போட்டேன். முதல் முப்பது மணிநேரம் அதே எறும்புதான். அதற்குப் பிறகு கோடு ஸ்கேல் வைத்து இழுத்த மாதிரி நேராகிவிடுகிறது. கோபுரத்திலிருந்து ஷ்ரைன் எனும் சின்னப் புதிர்க் கோயில், அந்த ஷ்ரைனிலிருந்து அடுத்த ஷ்ரைன். எக்ஸ் குறிகளும் அருகிப்போய்விட்டன.

இரண்டையும் சேர்த்து ஐந்நூறு மணிநேரத்துக்கு மேல் ஆடியிருக்கிறேன். அடுத்த ஜெல்டா எப்படி இருக்க வேண்டும் என்று யாராவது கேட்டால், அந்த நேர்கோடு எங்கே ஆரம்பித்தது என்பதிலிருந்துதான் பேசத் தொடங்குவேன்.

ஆரம்பித்த இடம் எனக்கு நன்றாகவே தெரியும். இரண்டு மின்விசிறி, நடுவில் ஒரு கட்டுப்பாட்டுக் கம்பம். விளையாடியவர்கள் எல்லாருக்கும் தெரிந்த அந்தப் பறக்கும் வண்டிதான். முதலில் செய்த அன்று அரை மணிநேரம் அதோடு மல்லுக்கட்டினேன். இடப்பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து போனது. ஸ்டிக்கை ஆட்டிப் பிரித்து, விசிறியைக் கொஞ்சம் திருப்பி, மறுபடி ஒட்டினேன். நேராக எழும்பியதும் வந்த சந்தோஷம் இருக்கிறதே, அது இந்தத் தொடரில் எனக்குக் கிடைத்த முதல் ஐந்து சந்தோஷங்களில் ஒன்று. சிக்கல் மறுநாள்தான் தொடங்கியது. ஒருமுறை செய்ததை ஆட்டோபில்ட் என்ற வசதி நினைவில் வைத்துக்கொள்ளும். பாகங்கள் கையில் இல்லாவிட்டாலும் பாகத்துக்கு மூன்று வீதம் ஒன்பது ஸோனைட் தாது கொடுத்தால் வண்டி வந்து நிற்கும். அதன்பின் ஹெப்ரா பனிமலையும் கெருடோ மேட்டு நிலமும் காலுக்குக் கீழே நகரும் படமாகிவிட்டன.

இதற்காக அந்தக் கட்டுமான முறையை நான் குறை சொல்லப்போவதில்லை. பலகையையும் சக்கரத்தையும் எப்படி வேண்டுமானாலும் ஒட்டலாம், ஒட்டியது எடைக்கும் வேகத்துக்கும் ஏற்ப நடந்துகொள்ளும், அதுவும் 2017-ல் வந்த ஸ்விட்ச் என்ற ஒரு சின்ன இயந்திரத்தில். இது எப்படிச் சாத்தியமானது என்று இன்னமும் ஆச்சரியப்படுகிறேன். தீ புல்லைப் பற்றும், புல்லின் சூட்டில் காற்று மேலே எழும், அந்தக் காற்றில் நாம் பறக்கலாம் என்று ஒன்றோடொன்று கோத்துப் போட்ட விதிகள்தான் இந்த இரண்டு கேம்களின் உயிர். அடுத்த கேமில் இதைக் கைவிட்டால் அது பெரிய நஷ்டம். என் மனக்குறை வேறு. எதற்கும் இந்த உலகம் 'முடியாது' என்று சொல்வதில்லை.

பழைய ஜெல்டா அப்படியில்லை. 1991-ல் வந்த 'எ லிங்க் டு தி பாஸ்ட்' கேமில் வழியெங்கும் கற்கள் கிடக்கும். புதரை வெட்டலாம், தூக்கலாம், ஆனால் கற்களை அசைக்கவே முடியாது. கையுறை கிடைத்த பிறகு வெளிறிய கற்களைத் தூக்கலாம். கருத்த பெருங்கற்களுக்கு அதைவிட வலுவான இன்னொரு கையுறை வேண்டும். அது வருவதற்குள் பாதி ஆட்டம் போய்விடும். அதுவரை அந்தக் கற்களைக் கடக்கும்போதெல்லாம் மனதில் ஒரு முடிச்சு விழும்: இதன் பின்னால் என்னவோ இருக்கிறது. கையுறை கிடைத்ததும் யாரும் சொல்லாமலே நாம் ஓடிப்போய் நிற்கிற இடம் அதுதான். கொக்கிச் சங்கிலியும் அப்படித்தான். அது கைக்கு வந்த நிமிடத்தில், ஏற்கெனவே பார்த்த ஊரெல்லாம் வேறு ஊராகிவிடும்.

'பிரெத் ஆஃப் தி வைல்ட்' இதைத் தலைகீழாக்கியது. முதல் பீடபூமியைத் தாண்டுவதற்குள் முக்கியமான சக்திகள் எல்லாம் கையில். துணிச்சல் இருந்தால் நேராகக் கடைசிப் பாஸிடமே போகலாம். இதற்கான ஒத்திகை 2013-ல் 'எ லிங்க் பிட்வீன் வேர்ல்ட்ஸ்' கேமிலேயே நடந்தது. அதில் கருவிகளை வாடகைக்கு எடுத்து, புதிரும் எதிரிகளும் நிறைந்த டங்ஜன்களை ஏறக்குறைய நம் இஷ்டப்படிச் சுற்றலாம். 2017-ல் இது புதுக்காற்று என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அதற்கு முந்தைய பெரிய கேமான 'ஸ்கைவர்ட் ஸ்வோர்ட்' நம் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டே போனதை ஆடியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

தொடரின் தயாரிப்பாளர் எய்ஜி அவோனுமா 2023-ல் அளித்த பேட்டி ஒன்றில், கட்டுப்பாடு மிகுந்த பழைய வகைக்கு ஏன் திரும்ப ஆசைப்படுகிறார்கள் என்று வியந்திருந்தார். அது பழைய நினைவின் மீதான ஏக்கமாக இருக்கலாம் என்பது அவர் எண்ணம். அந்தப் பேட்டியைப் படித்தபோது கொஞ்சம் கோபம் வந்தது. பிறகு யோசித்தால், அவர் சொன்னதில் பாதி சரிதான் என்று பட்டது. வரிசை மாறாத டங்ஜன்கள், படிப்படியாகச் சொல்லித்தரும் துணைப் பாத்திரம், இதெல்லாம் திரும்ப வேண்டும் என்று எனக்கு ஆசையில்லை. எனக்கு வேண்டியது அந்தக் கருங்கல் மட்டும்தான்.

அது இல்லாமல் போனதில் எதை இழந்தோம் என்பதற்கு மழையைச் சொல்லலாம். 'பிரெத் ஆஃப் தி வைல்ட்' ஆடிய எல்லாரும் மழையைத் திட்டியிருப்பார்கள். மலை ஏறிக்கொண்டிருக்கும்போது தூறல் விழும், கை வழுக்கும், ஸ்டாமினா கரையும். ஃபாரோன் காட்டுப் பக்கம் எப்போது போனாலும் மழைதான். ஒருநாள் பாதி ஏறிய நிலையில் மாட்டிக்கொண்டு, ஒரு பாறை இடுக்கில் ஒதுங்கி, விறகையும் சிக்கிமுக்கிக் கல்லையும் போட்டுத் தீ மூட்டி உட்கார்ந்தேன். வேலை எதுவும் இல்லாததால் கேமராவைச் சும்மா சுழற்றினேன். தூரத்தில் மரங்களுக்கு மேல் பச்சை மின்னலோடு ஒரு நீளமான டிராகன் நிதானமாக நெளிந்து போனது. அது இருப்பதே அதுவரை எனக்குத் தெரியாது. மழை என்னைத் தடுக்காவிட்டால் அதை அன்று பார்த்திருக்க மாட்டேன். அடுத்து வந்த 'டியர்ஸ் ஆஃப் தி கிங்டம்' கேமில் வழுக்கவே வழுக்காத உடையும், மழையைக் கீழே விட்டுவிட்டுப் பறக்கும் வண்டியும் கிடைத்தன. கேட்டது கிடைத்தது. ஒதுங்கி உட்காரத்தான் காரணம் இல்லாமல் போயிற்று.

இதே கேம்களில் தடை எவ்வளவு நன்றாக வேலை செய்கிறது என்பதற்குச் சான்று அவற்றுக்குள்ளேயே இருக்கிறது. தென்கிழக்கு மூலையில் ஈவன்டைட் என்றொரு தீவு. கால் வைத்ததும் ஆயுதம், உடை, உணவு எல்லாம் பறிபோகும். கிடைத்த மரக்கிளையோடு தீவைச் சுற்றி, மூன்று உருண்டைகளை மூன்று மேடைகளில் சேர்க்க வேண்டும். எண்பது மணிநேரம் ஆடி வளர்ந்த வீரன் அங்கே மறுபடி முதல் நாள் ஆளாகிவிடுவான். அந்த ஒன்றரை மணிநேரம் அந்தக் கேமின் உச்சம் என்பேன். 'டியர்ஸ் ஆஃப் தி கிங்டம்' கேமிலும் பொருள்களைப் பறித்துக்கொண்டு உள்ளே விடும் ஷ்ரைன்கள் உண்டு. நான் தேடித் தேடிப் போனது அவற்றைத்தான். அதே கேமின் முதல் வானத் தீவு இன்னும் நல்ல உதாரணம். காற்றில் மிதந்து இறங்க உதவும் பாராகிளைடர் கையில் இல்லாததால் ஒவ்வொரு இடைவெளியும் ஒரு கேள்வி. நான் கட்டிய முதல் கோணல்மாணலான படகை இன்னும் நினைவிருக்கிறது. நூறாவது வண்டி எது என்று கேட்டால் தெரியாது.

ஆயுதம் உடைகிற விஷயத்தில் என் கருத்து மூன்று முறை மாறியது. முதலில் எரிச்சல். இருபது மணிநேரம் கழிந்ததும் பிடித்துப்போனது, ஏனென்றால் கையில் கிடைத்ததை வைத்துச் சமாளிக்கச் சொன்னது. நூறு மணிநேரத்துக்குப் பிறகு மறுபடி எரிச்சல். அப்போது எதிரியை அடித்தால் உடையும் வாள், அவனிடம் கிடைக்கும் வாளைவிட நல்லதாக இருக்கும். அதனால் சண்டையையே தவிர்த்து ஓரமாக நடக்க ஆரம்பித்தேன். நெடுநாள் ஆடினால்தான் தெரிகிற கோளாறு இது.

மெனுவைப் பற்றியும் ஒரு வார்த்தை. அம்பில் ஒரு பொருளை ஒட்டி எய்ய வேண்டுமானால், வில்லை இழுத்தபடியே இன்னொரு பட்டனைப் பிடித்து, நீளமான ஒரு வரிசையை ஸ்டிக்கால் தள்ளித் தள்ளித் தேட வேண்டும். எய்தாயிற்றா, அடுத்த அம்புக்கு மறுபடி முதலிலிருந்து. 2024-ல் வந்த 'எக்கோஸ் ஆஃப் விஸ்டம்' கேமிலும் அதே கதை. நகலெடுத்து வரவழைக்கும் பொருள்களும் உயிர்களுமான 127 எக்கோக்களையும் ஒரே கோட்டில் அடுக்கிவிட்டார்கள். எனக்குப் பிடித்த ஐந்தை ஒதுக்கி வைக்க ஒரு தட்டு கொடுத்திருந்தால் போதும். இளவரசி ஜெல்டா முதல்முறையாகத் தன் பெயரைத் தாங்கிய முதன்மைத் தொடரின் நாயகியாக வந்தாள், கட்டில் மேல் கட்டிலாக அடுக்கி மதில் ஏறினாள், சோர்ந்தால் அதே கட்டிலில் படுத்துத் தூங்கினாள். அந்தக் குறும்புக்காகவே அந்த மெனுவை மன்னித்தேன். 2025-ல் புதிய ஸ்விட்ச் 2 பதிப்புகள் வந்து இரண்டு பெரிய கேம்களும் வழவழவென்று ஓடுகின்றன. அந்த நீளமான வரிசையும் இப்போது வழவழவென்று ஓடுகிறது.

சரி, மேப் இன்னும் பெரிதாக வேண்டுமா? வேண்டவே வேண்டாம். 'டியர்ஸ் ஆஃப் தி கிங்டம்' கேமில் நிலத்தடிப் பாதாளம் வந்தபோது நான் வாயைப் பிளந்தேன், உண்மை. மேலே இருக்கும் ஹைரூல் நாட்டின் அளவுக்கு இன்னொரு இருட்டு நிலம்! ஆனால் நிலத்தின் மேலே ஷ்ரைன் இருக்கும் இடத்துக்கு நேர்கீழே இருட்டை விலக்கும் ஒளி வேர் இருக்கும் என்று பிடிபட்ட அன்றே வியப்பு வடிந்துவிட்டது. மேலே 120, கீழே 120. அதன்பின் அது பட்டியலில் டிக் அடிக்கிற வேலை.

பழைய நிலத்தையே மறுபடி பயன்படுத்தியதில் தவறில்லை. இந்தத் தொடர் அதை ஏற்கெனவே ஒருமுறை அழகாகச் செய்திருக்கிறது. 'ஒக்கரினா ஆஃப் டைம்' 1998-ல் வந்தது. அதன் உருவங்களையும் பொருள்களையும் எடுத்துக்கொண்டு ஒன்றரை ஆண்டுக்குள் 'மஜோராஸ் மாஸ்க்' வந்துவிட்டது. நிலா விழ மூன்று நாள்; அந்த மூன்று நாளும் திரும்பத் திரும்ப நடக்கும். நடுவில் இருக்கும் ஊர் சின்னது, ஆனால் ஒவ்வொருவருக்கும் மணிக்கணக்கில் ஒரு வாழ்க்கை இருக்கிறது. அங்கே ஒரு விடுதி. நம் பெயரிலேயே கோரான் எனும் பாறை உடம்பு இனத்தவன் ஒருவனும் அங்கே அறை பதிவு செய்திருப்பான். அவன் வருவதற்கு முன் நாம் போய் நின்றால் சாவி நம் கைக்கு வந்துவிடும். ராத்திரி வெளியே வந்து பார்த்தால் அந்தப் பெரிய உடம்புக்காரன் வாசலில் கிடப்பான். யாரும் நம்மைத் திட்டுவதில்லை. ஆனால் நாம் செய்தது அந்த ஊருக்குத் தெரிந்திருக்கிறது.

இதற்குப் பக்கத்தில் 'டியர்ஸ் ஆஃப் தி கிங்டம்' கதையை வைத்துப் பாருங்கள். நினைவுத் துளிகளை எந்த வரிசையிலும் எடுக்கலாம் என்பதால், ஜெல்டாவுக்கு என்ன ஆனது என்பது எனக்குப் பாதியிலேயே தெரிந்துவிட்டது. என்னவென்று இங்கே சொல்ல மாட்டேன். தெரிந்த பிறகும் ஊர் ஊராக அவளைத் தேடிக்கொண்டுதான் இருக்கிறார்கள். நாம் ஆட்டுவிக்கும் நாயகன் லிங்க் வாயைத் திறப்பதில்லை, திறக்க நமக்கும் வழியில்லை. நாலு டங்ஜன் முடித்தால் நாலு முறையும் ஏறக்குறைய ஒரே பழங்கதையை வேறு வேறு ஆள் சொல்கிறார். எதை முதலில் முடித்தாலும் கதை புரிய வேண்டும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. எங்கும் போகலாம் என்ற சுதந்திரத்துக்குக் கதை கொடுத்த விலை இது.

ஆகவே அடுத்ததற்கு என் ஆசை இதுதான். இப்போதைய மேப்பில் கால்பங்கு போதும். தீ, காற்று, கட்டுமானம் எல்லாம் இருக்கட்டும், ஆனால் ஒவ்வொன்றாக, அங்கங்கே போய்ச் சம்பாதிக்கும்படி இருக்கட்டும். எந்த வரிசையில் சம்பாதிப்பது என்பது நம் இஷ்டம். 1986-ல் வந்த முதல் கேமே இந்த அளவு சுதந்திரம் கொடுத்ததுதான். ஊர்களில் நேரம் ஓடட்டும். நான் ஒன்றைக் கண்டுபிடித்தால் விடுதிக்காரிக்காவது அது தெரியட்டும்.

அதுவரை பொறுக்க முடியாமல் 'டியர்ஸ் ஆஃப் தி கிங்டம்' கேமைப் புதிதாகத் தொடங்கியிருக்கிறேன். பறக்கும் வண்டி கிடையாது, மேப்பைத் தொட்டு ஊர் தாவுவது கிடையாது என்று இரண்டு விதிகள் எனக்கு நானே போட்டுக்கொண்டேன். பதினொரு மணிநேரம் ஆயிற்று. கோடு மறுபடி நெளிகிறது, எக்ஸ் குறிகளும் கூடியிருக்கின்றன. நேற்று ஒரு ஆற்றங்கரையில் பாலம் கட்டப் பலகை போதாமல் நின்றேன். வண்டி ஆட்டோபில்ட் பட்டியலில் முதல் ஆளாக இருந்தது. ஒன்பது ஸோனைட்டும் கையில் இருந்தது. இருபது நிமிடம் கரையோரமாக நடந்து பார்த்தேன். அப்புறம் ஏறிப் பறந்துவிட்டேன்.